சாந்தா கியாரா: வெளியே போக முடியாதவர்களுக்காகக் கட்டிய முற்றம்

நேப்பிள்ஸின் பழைய நகரை ஒரே நேர்கோட்டில் இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது ஒரு தெரு. ‘நேப்பிள்ஸைப் பிளப்பது’ என்ற பொருளில் ஊரார் அதை ஸ்பக்காநாப்போலி என்கிறார்கள். ரோமானியர் காலத்துத் தெருவின் தடம் இன்னும் மாறாமல் கிடக்கிறது. அகலம் மட்டும் இந்தக் காலத்துக்குப் போதவில்லை. இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் நடப்பவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வறுத்த பீட்சா விற்கும் கடை, காப்பிக் கடை, மாடியிலிருந்து கீழே பேசும் ஆட்கள், ஹாரன் சத்தம். இந்தத் தெருவிலிருந்து சில நிமிட நடையில், எலுமிச்சையும் ஆரஞ்சும் நிற்கும் ஒரு பெரிய முற்றம் இருக்கிறது. அதற்குள் நுழைந்தால் நம் காலடிச் சத்தமே நமக்குக் கேட்கும். சாந்தா கியாரா, அதாவது புனித கிளாராவின் பெயரில் அமைந்த கன்னியர் மடத்தின் முற்றம் அது.

பயணிகள் இதை ‘மஜோலிக்கா முற்றம்’ என்று அறிந்து வருகிறார்கள். மஜோலிக்கா என்பது வெள்ளை மெருகின் மேல் வண்ணம் தீட்டிச் சுட்ட மண் ஓடு. மஞ்சளும் பச்சையும் நீலமுமாக மெருகு ஓடுகள் பதித்த தூண்களைப் படம் எடுத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். தூண்கள் அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த இடத்தின் விஷயம் தூண்களில் இல்லை. தூண்களுக்கு நடுவே இருக்கும் திண்ணைகளில் இருக்கிறது. அது புரிய, இங்கே யார் வாழ்ந்தார்கள், எந்த விதிப்படி வாழ்ந்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1309 முதல் 1343 வரை நேப்பிள்ஸை ஆண்டவர் ஆஞ்சூ வம்சத்து ராபர்ட். அவருடைய அண்ணன் லூயி அரச உரிமையைத் துறந்து பிரான்சிஸ்கன் துறவியாகி, 1317-இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர். ராபர்ட்டின் மனைவி மயோர்க்கா அரச குடும்பத்து சாஞ்சா. கன்னியர் மடத்தில் சேர வேண்டும் என்ற ஆசை அவரிடம் கடைசிவரை இருந்தது. கணவர் இறந்த மறு ஆண்டே, 1344-இல், தாமே நிறுவிய வேறொரு மடத்தில் சேர்ந்தார்; 1345-இல் அங்கேயே இறந்தார். இப்படிப்பட்ட தம்பதி 1310-இல் தொடங்கிய கட்டடம் இது. கட்டடக் கலைஞர் கல்யார்தோ பிரிமாரியோ. 1340-இல் தேவாலயம் அபிஷேகம் செய்யப்பட்டது. மடம் இரட்டை மடம்: ஒரு பக்கம் கிளாரா சபைக் கன்னியர், இன்னொரு பக்கம் அவர்களுக்குப் பூசை வைக்க பிரான்சிஸ்கன் துறவியர். இரு பக்கத்துக்கும் நடுவே சுவர்.

அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தது திருச்சபைச் சட்டம். 1298-இல் போப் எட்டாம் போனிபாஸ், கன்னியர் எல்லோரும் மடத்துக்குள்ளேயே அடைபட்டு வாழ வேண்டும் என்று ஆணையிட்டார். 1563-இல் திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம் அதை மறுபடியும் இறுக்கியது. துறவற வார்த்தைப்பாடு கொடுத்து உள்ளே போன பெண் பிணமாகவும் வெளியே வருவதில்லை; கல்லறையும் உள்ளேதான். உறவினர் பார்க்க வந்தால் கம்பிக் கிராதிக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சு. சாமான் வந்தால் சுவரில் பதித்த சுழற்பெட்டியில் வைத்துத் திருப்பிவிடுவார்கள். வைத்தவர் முகம் எடுப்பவருக்குத் தெரியாது, எடுப்பவர் கை வைத்தவருக்குத் தெரியாது. பூசையின்போதும் அதே விதிதான். தேவாலயத்தில் பீடத்துக்குப் பின்னால் ஒரு சுவர், அதற்குப் பின்னால் கன்னியருக்கென்று தனி மண்டபம். கம்பியிட்ட திறப்புகள் வழியாக அவர்கள் பூசையில் குரு உயர்த்தும் அப்பத்தைப் பார்க்கலாம். அவர்களை யாரும் பார்க்க முடியாது. 1328 முதல் சில ஆண்டுகள் நேப்பிள்ஸில் வேலை செய்த ஜொத்தோ வரைந்த சுவரோவியங்களின் எச்சங்கள் அந்த மண்டபத்தில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஐரோப்பாவின் ஆகப் பெரிய ஓவியரை அழைத்து, ஊர் பார்க்காத இடத்தில் வரையச் சொல்லியிருக்கிறார்கள்.

உள்ளே போனவர்கள் எல்லோரும் தெய்வ அழைப்பால் போனவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சாந்தா கியாரா பெரிய இடத்துப் பெண்களின் மடம். இத்தாலியப் பிரபுக் குடும்பங்களில் ஒரு மகளுக்குக் கல்யாணச் சீதனம் கொடுக்கும் பணத்தைவிட மடத்துக்குக் கொடுக்கும் சீதனம் குறைவு. மூன்று மகள்கள் இருந்தால் ஒருத்திக்குக் கல்யாணம், மற்றவர்களுக்கு மடம் என்று கணக்குப் போட்டார்கள். நமக்குப் பழக்கமில்லாத கணக்கு ஒன்றுமில்லை.

இப்போது முற்றத்துக்கு வரலாம். நான்கு பக்கமும் கூரையிட்ட நடை, அதன் உட்புறம் இடுப்பளவுச் சுவர்மேல் வரிசையாகத் தூண்களும் கூர்வளைவுகளும், நடுவே வானம் பார்த்த தோட்டம் என்பது ஐரோப்பிய மடத்து முற்றத்தின் பொது அமைப்பு. தாழ்வாரமும் முற்றமும் வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழை பெய்தாலும் நனையாமல் நடந்து செபிக்கலாம். உணவுக்கூடம், படுக்கைக்கூடம், தேவாலயம் எல்லாம் அந்த நடையிலிருந்தே திறக்கும். சாந்தா கியாராவில் இந்த வெளிச்சுற்று 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுவர்களில் 17-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இருக்கின்றன: புனிதர்கள், உருவகங்கள், பழைய ஏற்பாட்டுக் காட்சிகள். ஈரத்தில் மங்கிப் போன இடங்கள் பல. இவற்றை வேகமாகக் கடந்து போனாலும் குற்றமில்லை.

நடுத் தோட்டத்தின் இன்றைய உருவம் 1739-க்கும் 1742-க்கும் இடையில் வந்தது. அப்போதைய மடத்துத் தலைவி இப்போலித்தா கார்மிஞ்ஞானோ, கட்டடக் கலைஞரும் சிற்பியும் ஓவியருமான தொமேனிக்கோ அந்தோனியோ வக்காரோவிடம் வேலையைக் கொடுத்தார். வக்காரோ பழைய வளைவுச் சுற்றில் கை வைக்கவில்லை. நடுவிலிருந்த நிலத்தைச் சிலுவை வடிவில் இரண்டு பாதைகளால் நான்கு பாத்தியாகப் பிரித்தார். பாதையின் இருபுறமும் எண்பட்டைத் தூண்கள், மொத்தம் 64. அவற்றின் மேல் மரச்சட்டங்கள் போட்டுத் திராட்சைக் கொடி ஏற்றுவதற்கான பந்தல். தூணுக்கும் தூணுக்கும் இடையே முதுகு சாய உயர்ந்த திண்ணை. தூண், திண்ணை இரண்டையும் ஓடுகளால் போர்த்தியவர்கள் தொனாத்தோ மாஸா, ஜுசெப்பே மாஸா என்ற ஓட்டுக் கலைஞர்கள். நேப்பிள்ஸ் பேச்சில் இந்த ஓட்டுக்கு ‘ரிஜ்ஜோலா’ என்று பெயர். ஊரின் பழைய வீடுகளின் தரையிலும் மொட்டைமாடியிலும் இதைக் காணலாம்.

இந்த ஓடு எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் பார்வையே மாறும். முதலில் களிமண்ணைத் தட்டையாக்கி, வேண்டிய வடிவில் வெட்டி, மெதுவாகக் காயவைப்பார்கள். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் மேல்பக்கம் முதலில் சுருங்கி ஓடு வளைந்துவிடும். காய்ந்ததும் சூளையில் ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸில் முதல் சுடல். காய்வதிலும் சுடுவதிலுமாக மண் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும் என்பதால், அச்சிலேயே அந்த அளவு கூட்டி வைக்க வேண்டும். பிறகு மணல், ஈய ஆக்சைடு, வெள்ளீய ஆக்சைடு மூன்றையும் சேர்த்து உருக்கி, ஆறவைத்து, பொடியாக அரைத்து, நீரில் கரைத்து, பால் போன்ற அந்தக் கரைசலில் சுட்ட ஓடுகளை முக்கி எடுப்பார்கள். ஓடு நீரை உறிஞ்சிக்கொள்ள, மேலே வெள்ளை மாவுப் படலம் நிற்கும். வெள்ளீயம் இல்லாவிட்டால் மெருகு கண்ணாடி போலத் தெளிவாகி அடியிலுள்ள செம்மண் நிறம் தெரியும். வெள்ளீயத்தின் வேலை அந்தச் சிவப்பை மறைத்து, ஓவியம் வரைய வெள்ளைத் தளம் தருவது.

ஓவியம் அந்த மாவுப் படலத்தின் மேல்தான் வரையப்படும். சிக்கலும் அங்கேதான். காய்ந்த கோலமாவின் மேல் ஈரத் தூரிகையால் வரைவது போல, தூரிகை தொட்டவுடனே வண்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும். அழிக்க முடியாது, திருத்த முடியாது. ஓரிடத்தில் தூரிகை தயங்கி நின்றால் அங்கே திட்டு விழும். வரைபடத்தை ஓட்டில் ஏற்ற, தாளில் கோடுகளின் மேல் ஊசியால் துளையிட்டு, கரித்தூள் மூட்டையால் தட்டுவது வழக்கம். புடவையில் ஆரி வேலை செய்பவர்கள் துளைத்தாளில் பொடி தட்டுவதும் இதே முறைதான். சூளையில் கரி எரிந்து போய்விடும், வண்ணம் மட்டும் நிற்கும். வண்ணம் என்றால் உலோகத் தாது: நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குச் செம்பு, மஞ்சளுக்கு ஆன்டிமணியும் ஈயமும், கருஞ்செந்நிறக் கோடுகளுக்கு மாங்கனீஸ். பளிச்சென்ற சிவப்பு அந்தச் சூட்டில் நிற்காது. முற்றம் முழுக்க மஞ்சள், பச்சை, நீலமாக இருப்பதில் ரசனையின் பங்கு உண்டு. சூளையின் பங்கும் உண்டு. வரைந்தபின் முதல் சுடலைவிடச் சற்றுக் குறைந்த சூட்டில் இரண்டாம் சுடல். அப்போது மாவுப்படலம் உருகிக் கண்ணாடியாகி, வண்ணத்தைத் தனக்குள் பூட்டிக்கொள்ளும். 280 ஆண்டு வெயிலுக்கும் மழைக்கும் நிறம் வெளுக்காததற்குக் காரணம் இந்தப் பூட்டு.

தூண்களில் திராட்சைக் கொடியும் பூவும் பழமும் சுற்றிச் சுற்றி மேலேறுகின்றன. எட்டுப் பட்டைகளில், பல ஓடுகளில் துண்டு துண்டாக வரைந்த கொடி, கட்டிமுடித்தபின் ஒரே கொடியாக ஓட வேண்டும். ஓர் ஓடு கூடுதலாகச் சுருங்கியிருந்தாலும் தண்டு இடறும். ஏதாவது ஒரு தூணைத் தேர்ந்து, அடியிலிருந்து ஒரு கொடியை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள். பட்டை மடங்கும் ஒவ்வொரு விளிம்பிலும் வேலையின் தரம் தெரியும். பந்தலின் நிஜக் கொடி இலையுதிர்ந்து நிற்கும் குளிர்காலத்திலும் ஓட்டுக்கொடி பச்சையாகவே இருக்கும். வக்காரோவின் யோசனை அதுதான்: தோட்டத்துக்குள் உதிராத ஒரு தோட்டம்.

அடுத்தது திண்ணைகள். சாய்மானங்களில் வரைந்திருப்பவை செபக் காட்சிகள் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மீன்பிடி படகுகள், துறைமுகங்கள், வேட்டை நாய்கள், கிராமத்து வேலைகள், ஆட்டம்பாட்டம், முகமூடி வேடிக்கை, கிரேக்க ரோமானியப் புராணக் கதைகள் என்று எல்லாமே மதிலுக்கு வெளியே நடப்பவை. கடல் அந்த மடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. உள்ளே இருந்தவர்களுக்கு அது ஓட்டில் மட்டுமே. பதினைந்து, பதினாறு வயதில் உள்ளே வந்த பெண்ணுக்கு அறுபது வயதில் சந்தையும் படகும் எப்படி இருக்கும் என்று நினைவூட்ட இந்தச் சாய்மானம்தான் இருந்திருக்கும். இவ்வளவு படங்களில் மடத்து வாழ்க்கையைக் காட்டுவது ஒன்றே ஒன்று: ஒரு கன்னிகை பூனைகளுக்குச் சோறு வைக்கும் காட்சி. அதைத் தேடிப் பிடித்துப் பார்க்காமல் வெளியே வர வேண்டாம்.

காட்சிகளின் உயரத்தைக் கவனிக்க வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் அவை முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே, கண்ணுக்கு எட்டாமல் கிடக்கும். அவை எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பதற்காக வரைந்தவை. இன்று திண்ணையில் உட்கார அனுமதியில்லை, அது சரியும்கூட. ஜீன்ஸ் பித்தானும் முதுகுப்பையின் கொக்கியும் மெருகைச் சுரண்டும். ஒருமுறை கீறல் விழுந்தால் அதன் வழியே மழைநீர் உள்ளே போகும். திறந்த வெளியில் இருக்கும் மெருகோட்டின் எதிரி நீர்தான். அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். மெருகுக்குப் பின்னால் ஈரம் காயும்போது உப்பு படிகமாகி உப்பும். மெருகு வெளியே தள்ளப்பட்டுச் செதிலாக உதிரும். ஓரங்கள் மொட்டையாகிச் செம்மண் தெரியும் ஓடுகள் எல்லாம் இப்படிப் போனவையே. ஆகவே உட்காராமல் பாதையில் குந்தி, கண்ணைத் திண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பதே வழி. ஒரு சாய்மானத்துக்கு இரண்டு நிமிடம் கொடுத்தால்கூடப் போதும்.

முற்றம் ஏன் இவ்வளவு அமைதி? கனத்த சுவர் என்பது பாதி பதில். தெருவுக்கும் முற்றத்துக்கும் நடுவே உயரமான தேவாலயமும் மடத்துக் கட்டடங்களும் நிற்கின்றன. தெருவை நோக்கி முற்றத்துக்கு நேரான திறப்பே கிடையாது. ஆகவே தெருச்சத்தம் கூரைக்கு மேலாக வளைந்து இறங்கித்தான் வர வேண்டும். தாழ்ந்த சுருதி ஓசை எளிதாக வளையும், கீச்சென்ற ஓசை வளையாது. ஹாரனின் கூர்மையும் பேச்சின் மெய்யெழுத்துகளும் கூரையிலேயே நின்றுவிட, ஓர் அடங்கிய முணுமுணுப்பு மட்டும் உள்ளே வந்து சேரும். நடுவிலுள்ள மண்ணும் இலையும் மிச்சத்தைக் குடித்துவிடும். அடைபட்ட வாழ்க்கைக்காக எடுத்த மதில்தான் இன்று வருகிறவர்களுக்கு ஓய்வாகக் கிடைக்கிறது.

1924-இல் கன்னியரும் துறவியரும் இடம் மாற்றிக்கொண்டார்கள். கன்னியர் துறவியரின் கட்டடத்துக்குப் போக, இந்த முற்றம் துறவியர் கைக்கு வந்தது. பேரிழப்பு வந்தது 1943 ஆகஸ்ட் 4 அன்று. நேச நாடுகளின் விமானத் தாக்குதலில் தேவாலயம் தீப்பற்றி எரிந்தது. 18-ஆம் நூற்றாண்டில் பூசிய பொன்னும் பளிங்கும் ஓவியங்களுமான பரோக் அலங்காரம் சாம்பலானது. ராபர்ட் அரசரின் கல்லறைச் சிற்பமும் உடைந்தது. பின்புறத்து முற்றத்தில் ஓடுகளின் பெரும்பகுதி தப்பியது. மறுபடி கட்டும்போது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது: எரிந்த பரோக்கைத் திரும்பச் செய்வதா, அடியிலிருந்த 14-ஆம் நூற்றாண்டுச் சுவரோடு நிறுத்திக்கொள்வதா? இரண்டாவதைத் தேர்ந்தார்கள். சரியாகப் பத்து ஆண்டு கழித்து, 1953 ஆகஸ்ட் 4 அன்று தேவாலயம் திறந்தது. இன்று அதற்குள் நுழைகிறவர் பார்ப்பது உயர்ந்த, வெறுமையான, மரக்கூரை போட்ட கோதிக் கூடம். நல்ல முடிவுதான். ஆனால் அதனால் ஒரு பக்கவிளைவு: ‘இவ்வளவுதானா’ என்று திரும்பிவிடுகிறவர்கள் நிறைய. தேவாலயத்துக்குக் கட்டணம் இல்லை, முற்றத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் சீட்டு வாங்க வேண்டும், வாயிலும் வேறு. தேவாலயத்தைச் சுற்றிப் பின்பக்கம் போகாதவர்கள் முற்றம் இருப்பதே தெரியாமல் போகிறார்கள்.

போகும் வழி எளிது. மெட்ரோ முதல் வழித்தடத்தில் தாந்தே நிலையத்தில் இறங்கினால் ஜெசு நுவோவோ சதுக்கம் சில நிமிட நடை. வைரத்தை அறுத்தாற்போலக் கூர்கூரான கற்கள் பதித்த முகப்பு ஒன்று அங்கே கண்ணில் படும். அது இயேசு சபைத் தேவாலயம். முதலில் ஒரு பிரபுவின் அரண்மனையாக 1470-இல் கட்டியது. அதற்கு எதிர்ப்புறம் சாந்தா கியாரா. தேவாலயத்திலிருந்து தனியே விலகி நிற்கும் மணிக்கோபுரத்தின் அடியில் கோதிக் எழுத்தில் கல்வெட்டு நான்கு பக்கமும் ஓடுகிறது. மடம் தோன்றிய கதை அதில் இருக்கிறது. தேவாலயத்துக்குள் போகத் தோளும் தொடையும் மூடிய உடை வேண்டும்.

நேரம் முக்கியம். வார நாட்களில் முற்றம் வழக்கமாகக் காலை 9:30-க்குத் திறந்து மாலை 5:30-க்கு மூடும். ஞாயிறு காலை 10 முதல் பிற்பகல் 2:30 வரைதான். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவார்கள். விழா நாட்களில் இது மாறும், முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. திறந்த முதல் அரை மணி நேரம்தான் பொன்னான நேரம். பத்தரைக்கு மேல் பள்ளிக் குழுக்களும் கப்பல் பயணிகளும் வரத் தொடங்கினால், மேலே சொன்ன அமைதியெல்லாம் காகிதத்தில்தான். நடுப்பகல் வெயிலில் மெருகு கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அடிப்பதால் படங்களில் வெள்ளைத் திட்டுதான் விழும். மேகம் மூடிய நாளில் நிறங்கள் ஆழமாகத் தெரியும். கோடையில் சிட்ரஸ் மரங்களின் நிழலை நம்ப முடியாது. முதலில் நடுப்பாதைகளை முடித்துவிட்டு, வெயில் ஏறியதும் வெளிச்சுற்றுக்குப் போவது புத்திசாலித்தனம். முற்றத்துக்கு முக்கால் மணி, எல்லாமும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஒதுக்கலாம். அதே சீட்டில் அருங்காட்சியகமும், போருக்குப் பிந்தைய அகழ்வில் வெளிப்பட்ட கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியக் குளியல்கூடமும் அடக்கம். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் குளியல்கூடம்.

காலையில் கொஞ்சம் நேரம் மிஞ்சினால், கிறிஸ்துமஸ் குடில் பொம்மைக் கடைகளால் நிறைந்த சான் கிரெகோரியோ அர்மேனோ தெருவுக்கு நடந்து போகலாம். அங்கே பெனடிக்ட் சபைக் கன்னியர் வாழ்ந்த மடத்தின் முற்றம் உண்டு. சாந்தா கியாராவைவிடச் சிறியது, கூட்டமும் குறைவு. நடுவே நீரூற்று, அதில் இயேசுவும் சமாரியப் பெண்ணும் ஆளுயரச் சிற்பங்களாக, கிணற்றடியில் பேசிக்கொள்வது போல நிற்கிறார்கள். மதியத்துக்குமுன் போய்விட வேண்டும். படியேறி வாசலுக்கு வந்ததும் அவசரமாக உள்ளே நுழைந்துவிடாமல் சுவரைப் பாருங்கள். சாமானை வைத்துத் திருப்பிவிடும் அந்த வெண்கலச் சுழற்பெட்டிகள் அங்கே இன்னும் இருக்கின்றன.